கெட்டுப்போகாத அடுக்கு

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நாற்பது வாசலில் வந்து நிற்கிறது. தலையில் டை, மூக்கில் கண்ணாடி, உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் சத்தம். இந்த வயதில் நாலு பேர் கூடிப் பழசைப் பேசினால், தொலைந்துபோன சாமான்கள்தான் முதலில் வந்து நிற்கின்றன. ஒருத்தி டேப் ரெக்கார்டரின் உடைந்த மூடியைச் சொல்வாள். இன்னொருத்தி காந்தம் வைத்த பென்சில் டப்பாவைச் சொல்வாள். எனக்கு ஒரு பலகை. நாலு சக்கரம் வைத்த, நீலப் பெயிண்ட் அடித்த பலகை. நீலமாக இருந்தது கடைசி சில நாட்கள்தான். அதற்கு முன்னால் அது தேக்கு நிறத்தில் பளபளவென்று இருந்தது.

சுனாமிக்கு இரண்டு மூன்று வருடம் முன்பு. நாங்கள் முத்தியால்பேட்டையில் ஒரு சந்து வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் கதவு செய்கிற ஒரு பட்டறையில் வேலை. மெல்லிய மரத்தாள்களைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மெஷினில் கொடுத்து அழுத்திப் பிளைவுட் ஆக்குவார். சாயங்காலம் அவர் சைக்கிள் சந்துக்குள் திரும்பும்போதே அந்தப் பசை நெடி வந்துவிடும். வெங்காயம் உரித்ததுபோல் கண்ணைக் கரிக்கும். அந்த நெடி வந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். இன்றைக்கும் புது அலமாரி விற்கிற கடைக்குள் நுழைந்தால் என் கண்ணில் தண்ணீர் வரும். கடைக்காரர் ஃபேனைத் திருப்பி வைப்பார்.

அப்பா நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு சொன்னால் நம்ப மாட்டீர்கள். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். யார் எதைக் கேட்டாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு சைக்கிள் கற்றுக்கொள்ள ஆசை. அப்பா உடனே பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கி வந்தார், மணியெல்லாம் மாட்டி. ஆனால் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வருகிற அன்றைக்கெல்லாம் அதில் காற்று இருக்காது.

“டியூப் சரியில்ல. காத்து நிக்க மாட்டேங்குது” என்பார் அப்பா, ரொம்ப வருத்தமாக.

“சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பாள் அம்மா.

அந்த நாளை வரவே இல்லை. சைக்கிள் குளியலறைச் சுவரில் சாய்ந்தபடியே துருப்பிடித்தது. எங்களுக்குப் பரீட்சை வந்தால் கேபிள் டிவியில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். பரீட்சை முடிந்த அன்றைக்குத் தெளிவாகிவிடும். அம்மா இதற்கெல்லாம் ஒரே வார்த்தை வைத்திருந்தாள்: “நம்ம வீட்டுக்கு சாமானே ராசியில்ல.” நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு குறை. எங்கள் வீட்டில் பொருட்கள் கெட்டுப்போகும்.

அக்காவுக்கு இடது கால் போலியோவில் சூம்பிவிட்டது. இடது கையைத் தொடையில் வைத்து அழுத்தி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, எம்பி எம்பி நடப்பாள். அவளுடைய பாவாடைகள் எல்லாவற்றிலும் இடது தொடைப் பக்கம் ஒரு கையளவு நிறம் போயிருக்கும். துணி காயப்போட்டிருந்தால் எது யாருடையது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கால்தான் அப்படி. வாய் அப்படியில்லை. சந்துப் பையன்கள் பின்னால் நின்று அவளைப் போல நடந்து காட்டுவார்கள். அவள் நின்று, திரும்பி, பொறுமையாகப் பார்ப்பாள்.

“இன்னும் சரியா வரலடா. இடுப்ப ஆட்டணும். நாளைக்கு நல்லா கத்துகினு வா.”

அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அப்பாதான் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோவார், கொண்டுவருவார். கேரியரில் ஒரு பழைய தலையணையைக் கட்டிவைத்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் அவளைத் தூக்கி இறக்கிவிடுவார். அவளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. அவளோடு படிக்கிற பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தெருவில் இஸ்திரி போடுகிறவர் தினமும் ஒரே வார்த்தை சொல்வார்: “அப்பன்னா இவன் அப்பன்.” அப்பா கேட்காததுபோல் மிதிப்பார். ஆனால் அந்த இடத்தில் சைக்கிள் கொஞ்சம் மெதுவாகும்.

எங்களுக்கு அடுத்த வீடு சொல்தா தாத்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை, பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் பேரன் ஜூலையில் பாரீஸிலிருந்து லீவுக்கு வந்தான். அவனுக்குத் தமிழில் ‘வா’, ‘போ’, ‘காரம்’ என்று மூன்று வார்த்தைதான். அவன் கொண்டுவந்த சக்கரப் பலகையின் சத்தத்தை நான் முதலில் கேட்டபோது யாரோ கிரைண்டரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். நின்றபடியே சந்தில் பறந்தான். ஒரு நாள் சாக்கடை மூடிக் கல்மேல் தாவிக் குதித்தான். பலகை நடுவில் பிளந்துவிட்டது. ஊருக்குக் கிளம்புகிற அன்று அதை எங்கள் வாசலில் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினான்.

“வுவாலா” என்றான்.

“அப்டின்னா இன்னா தாத்தா?” என்று அக்கா கேட்டாள்.

“இந்தான்னு சொல்றான். எடுத்துக்கோ. அவனுக்கு அங்க இன்னும் ரெண்டு கீது” என்றார் சொல்தா தாத்தா.

அன்றிலிருந்து அக்கா எனக்குத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தாலும் வுவாலா, தலையில் ஒரு குட்டு வைத்தாலும் வுவாலா.

சக்கரங்களும் இரும்பு அச்சும் கல் மாதிரி இருந்தன. பலகைதான் போயிருந்தது. எங்களிடம் பலகைக்குப் பஞ்சமா? பட்டறையில் கழித்துப்போட்ட பிளைவுட் துண்டுகளை அப்பா வெந்நீர் அடுப்புக்காக மூட்டை கட்டிக் கொண்டுவருவார். அக்கா அந்தக் குவியலைக் கிளறி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். முழ நீளத்துக்கு மேல் இருக்கும். மேலே தேக்குத் தாள், கீழேயும் அதே தாள், நடுவில் தடித்த வெளுப்பு மரம். ஓரத்தில் பார்த்தால் கிரீம் பிஸ்கட் மாதிரி மூன்று அடுக்கு. அப்பா இல்லாத நேரத்தில் அவருடைய கைத்துளைப்பானை எடுத்து, நான் பலகையைப் பிடிக்க, அவள் ஓட்டை போட்டாள். ஓட்டைகள் கொஞ்சம் கோணல். அதனால் அந்த வண்டி எப்போதும் லேசாக இடது பக்கம் இழுக்கும்.

“என்ன மாரியே” என்றாள் அக்கா.

அவள் நின்று ஓட்டவில்லை. சூம்பிய காலை மடக்கி அந்த முழங்காலைப் பலகைமேல் வைப்பாள். இரண்டு கையாலும் பலகையின் முன் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். வலது காலால் தரையை உதைப்பாள். வேகம் பிடித்ததும் அந்தக் காலையும் மேலே இழுத்துக்கொண்டு, மண்டிபோட்ட நிலையில் குனிந்து, காற்றில் தலைமுடி பறக்கப் போவாள். அக்கா வேகமாகப் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் ஓடிப் பார்த்தேன். பிடிக்க முடியவில்லை. என் அக்காவை என்னால் ஓடிப் பிடிக்க முடியவில்லை என்பது எனக்குத் தந்த சந்தோஷத்தை இன்றைக்கு என் பிள்ளைகளிடம் சொன்னால் புரிவதில்லை.

தெரு பேசாமல் இருக்குமா? இட்லிக் கடைக்காரம்மா, “யம்மா ஏரோப்ளேன், என் குண்டான்மேல ஏறிடாத தாயி” என்பார். இஸ்திரிக்காரர், “ஒத்து ஒத்து, கலெக்டர் வண்டி வருது” என்பார். நடந்து காட்டிய பையன்கள் இப்போது ஒரு சுற்று கேட்டு வரிசையில் நின்றார்கள். அக்கா யாருக்கும் தரவில்லை. “மொதல்ல என்ன மாரி நடக்கக் கத்துக்கோங்கடா, அப்பறம் தரேன்.”

ஆகஸ்டில் ஒரு காலை அப்பா சைக்கிளை வெளியே எடுத்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்து நின்றார். அக்கா பையை முதுகில் மாட்டிக்கொண்டு பலகையை வாசலில் போட்டாள்.

“நானே போறம்பா.”

“ரோடு சரியில்லியேம்மா.”

“பாத்துப் போறேன்.”

அவள் சந்து முனையில் திரும்பி மறைந்தாள். அப்பா, காலியான கேரியரோடு, சைக்கிளை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாதவர்போல் நின்றார். எனக்கு அப்போது பதிமூன்று வயது, சிரிப்பு வந்தது. அவர் ஒரு பொருளைத் தொலைத்துவிட்டு நிற்கிறார் என்று தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் பலகை நனைந்தது. ஒரு ராத்திரி முழுக்க வாசலில் கிடந்துவிட்டது. காலையில் பார்த்தால் மேலே இருந்த தேக்குத் தாள் ஒரு மூலையில் உப்பி, அப்பளம்போல் எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் ‘புளுக்’ என்றது. காய்ந்ததும் ஓரம் பிரிந்து சிலாம்பு சிலாம்பாக நின்றது. அக்காவின் முழங்காலில் ஒரு சிலாம்பு ஏறி, அம்மா ஊக்கால் நோண்டி எடுத்தாள்.

“அப்பா, பட்டறையிலேர்ந்து கொஞ்சம் பசை எடுத்துகினு வாப்பா. ஒட்டிட்டா சரியாயிடும்” என்று அக்கா கேட்டாள்.

“பாக்கலாம்” என்றார் அப்பா. மறுநாள் கேட்டால், “பசை ஸ்டாக் இல்லம்மா.” அதற்கு மறுநாள், “முதலாளி ஊர்ல இல்ல.” சாயங்காலம் அவர் சட்டையில் அந்த நெடி மட்டும் குறையாமல் வந்தது. அக்கா எழும்பிய இடத்தில் ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட்டினாள்.

அப்போதுதான் அந்தக் காசு விஷயம் நடந்தது.

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டி விட மாட்டார்கள். வழவழவென்ற தார், ஒரு பக்கம் கடல். அக்காவுக்கு அது சொர்க்கம். அன்று நன்றாக ஓட்டிவிட்டு, சுண்டல்காரர் பக்கத்தில் பலகைமேலேயே காலை மடக்கி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கடியில் அந்த அழுக்குத் துணி. பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா, கோயிலிலிருந்து வருகிறார் போலிருக்கிறது, நெற்றியில் குங்குமம், கையில் அர்ச்சனைக் கூடை. எங்களைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து, அக்கா மடியில் ஒரு காசை வைத்துவிட்டு, “மனச தளரவுடாதம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா காசைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுண்டல்காரர் தலையைக் குனிந்துகொண்டு பொட்டலம் மடித்தார்.

“அண்ணே, இதுக்கு சுண்டல் குடுங்க. மாங்கா நெறைய போட்டு” என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு நேரத்தில் அதை அவளே சொன்னாள், அந்த அம்மா மாதிரி நடித்துக் காட்டி. “பத்தாவது பாஸ் பண்ணாகூட பரவால்ல, எனக்கு வேல ரெடி” என்றாள். நான் புரையேறச் சிரித்தேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சிரிக்கிற விஷயமாடி இது? யாராச்சும் பாத்திருந்தா?”

“பாத்தா இன்னா? சுண்டல் நல்லா இருந்திச்சி.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. பாதித் தட்டில் தண்ணீரை ஊற்றிக் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு மிகவும் மெதுவாக, மிகவும் அன்பாகச் சொன்னார்:

“பலக மேல் தோல் எழும்பிகினு கீதுன்னியே. ஞாயித்துக்கெழம குடு. நான் சரிபண்ணித் தரேன்.”

அக்கா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா அந்தப் பலகையைத் தொடுவேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். முதலில் சக்கரங்களைக் கழற்றி, போல்ட்டையும் நட்டையும் ஒரு கிண்ணத்தில் போட்டார். எழும்பிய மூலையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, பெயிண்டர்கள் பட்டி பூசுகிற தகட்டை நுழைத்தார். தாள் ‘சர்ர்’ரென்று நீளமாகப் பிரிந்து வந்தது. வாழைமட்டை உரிக்கிற சத்தம். பழைய பசை பழுப்புப் பொருக்காக உதிர்ந்தது. கை வேலையில் அப்பாவைப்போல் சுத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு சிலாம்புகூட மிச்சம் வைக்காமல் மேல் அடுக்கு முழுவதையும் எடுத்துவிட்டு, பலகையைத் திருப்பிப் போட்டார். உளியை எடுத்தார்.

அந்த நேரம் பாய் வந்தார். அப்பாவோடு அதே பட்டறையில் கதவுக்குச் சட்டம் பூட்டுகிற தச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, “எல்லாம் சரியாப் பூடும், மொதல்ல டீ சொல்லு” என்றபடிதான் உட்காருவார். அன்றும் அப்படியே உட்கார்ந்தார். அம்மா கொடுத்த டீயை ஊதிக்கொண்டே அப்பாவின் கையைப் பார்த்தார்.

“ஏம்பா, மேல எழும்பினத எடுத்த, சரி. அடிப்பக்கம் கெட்டிகினு நிக்குதே. அத எதுக்கு நோண்டுற?”

“ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டுமே பாய்.”

அடிப்பக்கத்து அடுக்கு வர மறுத்தது. அது நனையவே இல்லை. வெந்நீருக்கும் அசையவில்லை. அப்பா உளியைச் சுத்தியலால் தட்டித் தட்டி, விரல்கடை விரல்கடையாகப் பெயர்த்தார். நெற்றி வியர்வை பலகையில் சொட்டியது. பாய் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“அது பொண்ணு ஏறப்போற பலகப்பா.”

“தெரியும் பாய்.”

“தெரிஞ்சிதான் பண்றியா?”

அப்பா நிமிரவில்லை. உளியைத் தட்டிக்கொண்டே இருந்தார். பாய் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் எழுந்து போனார்.

எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். பிளைவுட்டில் மேல் தாளிலும் அடித் தாளிலும் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடும். நடு மரத்தில் குறுக்காக ஓடும். நீளமாக ஓடுகிற ரேகைதான் ஆளைத் தாங்கும். பாரம் ஏறினால் வளையும், உடையாது. மேலும் கீழும் உரித்துவிட்டு நடுவை மட்டும் வைத்தால், பார்க்கத் தடிமனான பலகைதான், ஆனால் வறுக்கி ரொட்டி மாதிரி. கையில் எடுத்தால் நிற்கும். கடித்தால் படக்கென்று போகும். வாழ்நாள் முழுக்கப் பிளைவுட் அழுத்தியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உரித்துப்போட்ட தேக்குத் தாளை எடுத்து வளைத்தாள், நிமிர்த்தினாள், மறுபடி வளைத்தாள். அப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்ததும், வெறும் மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே ஒரு முறை தடவினாள். அப்பா உடனே பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டார். பட்டறை கேட்டுக்கு அடித்து மீந்த நீலம். தடிப்பாக இரண்டு கோட் அடித்தார். பலகை மெலிந்துவிட்டதால் போல்ட் நீட்டிக்கொண்டு நின்றது; அதற்கு அளவாக வாஷர் போட்டு இறுக்கினார். கோணல் ஓட்டையைக்கூட நேராக்கிவிட்டார்.

“வாசல்லயே ஓட்டும்மா. பீச்சுக்கு எடுத்துகினு போவாத. பெயிண்ட் போயிடும்” என்றார். அப்புறம் இரண்டு மூன்று தடவை அதையே சொன்னார். வேலைக்குக் கிளம்பிச் சந்து முனை வரை போய், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தும் சொன்னார். “வாசல்லயே, இன்னா?”

அவருடைய கணக்கு அதுதான் என்று நினைக்கிறேன். வாசலில், மெதுவாகப் போகும்போது, படக்கென்று உடையும். பிள்ளை தொப்பென்று தரையில் உட்காருவாள். “பலகையே சரியில்லம்மா” என்று அவர் வருத்தப்படுவார். அதோடு முடியும். மறுநாள் காலை தலையணையைத் தட்டிச் சரிசெய்யலாம்.

பெயிண்ட் காய்ந்த அன்று சாயங்காலம் அக்கா பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“வா, பீச்சுக்குப் போலாம்.”

“அப்பா வாசல்லயே ஓட்டச் சொன்னாரே.”

“வறியா, இல்லியா?”

சந்தில் அவள் ஏறவே இல்லை. அவ்வளவு தூரமும் தொடையை அழுத்தி அழுத்தி நடந்தே வந்தாள். பாதி வழியில் நான் பலகையை வாங்கித் தூக்கி வந்தேன். கடற்கரைச் சாலையில் கீழே வைத்து, முழங்காலை ஏற்றி, முன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“வுவாலா” என்றாள்.

முதல் உதை மெதுவாக. பிறகு வேகம். நடப்பவர்கள் விலகினார்கள். வண்டி இப்போது இடது பக்கம் இழுக்கவில்லை. கோடு போட்டதுபோல் நேராகப் போனது. நீலப் பலகையும் அவள் பச்சைப் பாவாடையும் ஒரு புள்ளியாகிக்கொண்டே போயின. நான் ஓடினேன். அவள் வலது காலையும் மேலே இழுத்துக்கொண்டாள். அப்போது கேட்டது சத்தம். தேங்காய் உடைக்கிற சத்தம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா குப்புறக் கிடந்தாள். இடது கை அவளுக்கு அடியில் இருந்தது. புரட்டிப் போட்டார்கள். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் கை வேறு பக்கம் பார்த்தது. அக்கா அழவில்லை. இரண்டாகக் கிடந்த பலகையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியால் கீறியதுபோல் நேராக உடைந்திருந்தது.

யாரோ போய்ச் சொல்லி அப்பா ஓடி வந்தார். சைக்கிளை எங்கே போட்டார் என்றே தெரியாது. அக்காவை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆட்டோக்காரர் பின்னாலேயே வந்து ஏறச் சொல்லிக் கூப்பிட்டும் காதில் விழவில்லை. வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினார். அந்த அழுகை பொய் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கிழவி அவரைக் காட்டித் தன் மகனிடம் சொன்னாள்: “பாத்துக்கடா, பெத்தவன்னா இப்டி இருக்கணும்.”

எலும்பு கோணலாகச் சேர்ந்தது. மறுபடி உடைத்துச் சேர்க்க வேண்டும் என்றார்கள். அம்மா வேண்டாம் என்று கும்பிட்டாள். அந்தக் கைதான் தொடையை அழுத்துகிற கை. நடப்பதற்கு அவளுக்கு இருந்த ஒரே கை. கட்டுப் பிரித்த பிறகும் அதில் பாரம் தாங்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தபடி நகர்ந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அப்பா தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். அவள் வர மாட்டேன் என்றாள். ஏன் என்று எவ்வளவோ கேட்டார்கள். “எல்லாரும் பாப்பாங்க” என்றாள். அதற்கு முன்னால் எல்லோரும் பார்ப்பதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே கிடையாது.

உடைந்த பலகையை அப்பா சின்னத் துண்டுகளாகப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தார். நீலப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, சந்து முழுக்க நாற்றம். அந்த வெந்நீரில்தான் அம்மா அன்றைக்கு அக்காவைக் குளிப்பாட்டினாள், கட்டுப்போட்ட கையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி. “நம்ம வீட்டுக்கு சாமானே ராசியில்ல” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். பாய் அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஒரு டம்ளர் டீ அதிகம் போட்டுவிட்டு அதைத் தானே குடிப்பாள்.

அப்பா அதற்குப் பிறகு அக்காவை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டே போனார். கோயிலுக்கு, கல்யாண வீடுகளுக்கு, திருவிழாவுக்கு. இஸ்திரிக்காரர் தினமும் தன் வார்த்தையைச் சொன்னார். அவர் செத்த பிறகு அவர் மகன் சொன்னான்.

இதெல்லாம் பழைய கதை. அக்கா பிற்பாடு வலது கையில் ஊன்றுகோல் வைத்து நடக்கப் பழகினாள், தபாலில் படித்துப் பத்தாவது முடித்தாள். போன் பூத் வைத்தாள், அது போனதும் ஜெராக்ஸ் கடை. பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள்; சந்தில் திரும்பும்போது இட்லிக் கடைக்காரம்மா இன்னும் ஏரோப்ளேன் என்கிறார். கல்யாணம் ஆகவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பு பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. கை, கால் இரண்டும். அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். குளிப்பாட்ட ஆள் வைத்திருக்கிறாள், மருந்து நேரம் தவறுவதில்லை, துணி வெள்ளை வெளேரென்று இருக்கும். தெருவே சொல்கிறது, பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும் என்று. அவருக்குச் சக்கர நாற்காலியும் வாங்கி வைத்திருக்கிறாள். காற்றடைத்த டயர், நல்ல விலை.

போன மாதம் நான் போயிருந்தேன். சாயங்காலம். அப்பாவுக்கு மொட்டு மொட்டாகத்தான் பேச்சு வரும். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, “பீச்சு” என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். “பீச்சுக்கு… கூட்டிகினு போறியாம்மா?”

“போலாம்பா. வண்டில காத்து இல்ல. டியூப் சரியில்ல, காத்து நிக்க மாட்டேங்குது” என்றாள் அக்கா, ரொம்ப வருத்தமாக.

அவள் உள்ளே போனதும் நான் சும்மா எழுந்து, மூலையில் நிறுத்தியிருந்த நாற்காலியின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. இரண்டு சக்கரமும். தரையில் பட்ட சுவடே இல்லாமல் கடையில் வாங்கிய புழுதியோடு இருந்தன. நிமிர்ந்தால் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் அக்கா டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். டயரைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். வாயில் வேறு வந்தது.

“ஒனக்குத் தெரியுமாக்கா? அந்தப் பலக?”

“அடிப்பக்கத்த உளி வெச்சி எடுத்தாரு பாரு, அப்பவே தெரிஞ்சிச்சி.” அவள் திரும்பவில்லை. “கெட்டுப்போவாதத எதுக்கு உரிக்கணும்?”

“பின்ன எதுக்கு ஏறின?”

வடிகட்டியை டம்ளர் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“எவ்ளோ தூரம் வருதுன்னு பாத்தேன்.”

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “காத்து… அடிச்சாச்சாம்மா?”

“பஞ்சர் கடக்காரன் இன்னும் கட தொறக்கலப்பா” என்றாள் அக்கா, டீயில் அவருக்கு வேண்டிய அளவு சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே.

அப்பா, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

“சரி. நாளைக்குப்… பாத்துக்கலாம்.”